இருமல் மட்டும்

அந்தப் பாட்டுக்கு முந்தி ஒரு இருமல் வரும்,
கேட்டிருக்கீங்களா?
அது நானுங்க.

பாட்டு வேறொருத்தி.
மெட்ராஸிலிருந்து வந்து
மிளகு தட்டிப் போட்ட வெந்நீர் ரெண்டு டம்ளர் குடித்து
அரை நாளில் பாடி முடித்து
ராத்திரி மெயிலில் திரும்பிவிட்டாள்.
நல்ல குரல். பொய் சொல்லக் கூடாது.
மறுநாள் சிங்காநல்லூர் ஸ்டூடியோவில்
குழாய் ஸ்பீக்கருக்கு நேரே நின்று
நான் வாயசைத்தேன்.
அவள் மூச்செடுத்த இடத்தில் நானும் எடுத்தேன்.
படத்தில் கேட்பது அவள் மூச்சுதான்.

டைட்டிலில் பத்மலோசனி.
வீட்டில் பாவாத்தாள்.
ஒன்பது வயசில் திருப்பூர் ஜின்னிங் பேக்டரியில்
கொட்டை பொறுக்கும்போது நெஞ்சுக்குள் போன பஞ்சு
அரிதாரம் பூசியும் வெளியே வரவில்லை.
வசனத்தின் கடைசிச் சொல்லோடு
அது தொற்றிக்கொண்டு வந்தபோது
எடிட்டர் கத்தரி எடுத்தாராம்.
"விடு, பொம்பளை நெஜமா இருக்கா"
என்றாராம் டைரக்டர்.

நாடகத்தில் மைக் ஏது?
கன்னபுரம் மாட்டுச்சந்தை ராத்திரியில்
காளை விற்ற காசு மடியில் இருக்க
தூங்கினால் போய்விடும் என்று
விழித்திருந்தவர்களும் உண்டு.
என் பாட்டுக்குத்தான் என்று எண்ணிக்கொண்டேன்.
ஐந்தரைக் கட்டையில் எடுத்தால்
கடைசி வண்டியில் கட்டிய மாடு காதைத் திருப்பும்.
"இன்னும் அரைக் கட்டை ஏத்தட்டுமா பாவா?" என்பார்
ஆர்மோனியம் குப்பண்ணன்.
ஏத்துங்க.
மேடையில் செத்துக் கிடந்த புருஷன்
ஒவ்வொரு ஒன்ஸ்மோருக்கும்
எழுந்து இன்னொரு தரம் செத்தான்.
இடையில் இருமல் வந்தால்
அதையும் ஒப்பாரியில் சேர்த்துக்கொள்வேன்.

ஸ்டூடியோவில் அதெல்லாம் செல்லாது.
சவுண்ட் இன்ஜினியர் காதிலிருந்ததைக் கழற்றி வைத்து
"முகம் வேணும், தொண்டை வேண்டாம்" என்றார்.
கையெழுத்துப் போட்டேன்.
மாசம் இருநூற்றைம்பது.

அடுத்த படத்துக்கு முகம் வேண்டாம், கால் வேணும்.
கதாநாயகிக்கு அடவு வரவில்லை.
கணுக்கால் வரைக்கும் நான்,
அதற்கு மேலே அவள்.
நாளைக்குப் பதினைந்து ரூபாய்,
சலங்கை கம்பெனியுடையது.
அப்புறம் இந்தியிலிருந்து வந்த ஒரு படத்துக்கு
இருட்டறையில் நின்று அழுதேன்.
அந்தம்மா திரையில் அழுது ஓய்ந்த பிறகும்
எனக்கு நிற்கவில்லை,
பிலிம் வீணாகிறது என்று கத்தினார்கள்.

ஒரு பொங்கலுக்கு ஈரோட்டில்
ஒரு கொட்டகையில் என் முகம்,
இன்னொன்றில் என் கால்,
ஸ்டேஷன் பக்கத்தில் என் அழுகை.
மூன்றுக்கும் டிக்கெட் வாங்கினேன்.
ஒரு ஆளும் திரும்பிப் பார்க்கவில்லை.
முறுக்கு விற்ற பையன் மட்டும்
"அக்கா, சில்லறை இல்லீங்களா?" என்றான்.

பிறகு பங்காளிகளுக்குள் வழக்கு வந்து ஸ்டூடியோ ஏலம் போனது.
நான் சாய்ந்து நின்று விரகத்தில் வாடிய
அரண்மனைத் தூண் ரெண்டும்
பீளமேட்டில் ஒரு மாட்டுக்கொட்டிலுக்குப் போயின.
போய்ப் பார்த்தேன்.
நன்றாகவே தாங்கிக்கொண்டிருந்தன.

இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில்
பிசிறு வெட்டுகிறேன், பீஸுக்கு இவ்வளவு என்று.
திரும்ப அதே பஞ்சுதான், நூலாகி வந்திருக்கிறது.
சாப்பாட்டு நேரத்தில் டிவி ஓடும்.
போன வெள்ளிக்கிழமை அந்தப் படம்.
செக்கிங் டேபிள் பொண்ணுக
தூக்குப்போசியைத் திறந்துகொண்டிருந்தார்கள்.
நான் திரையைப் பார்க்காமல்
மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு
அந்த இடத்துக்குக் காத்திருந்தேன்.

வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள்,
டிவிப் பக்கம் இல்லை,
ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும் மயிலாத்தாள் பக்கம்.
"ஏனுங் மயிலு, மறுக்காவும் இருமலா?
ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னா கேக்கறயா?"

"நான் இருமலீங்" என்றாள் அவள்.
சொல்லி முடிப்பதற்குள்
அவளுக்கும் வந்துவிட்டது.

பாட்டு தொடங்கியிருந்தது.
சொம்பைத் தள்ளிவைத்தேன்.
"சித்தெ தண்ணி குடி கண்ணு."